நெய்தல் நிலத்துப் புண் மருந்து

குறுந்தொகையின் 269ஆம் பாட்டு நெய்தல் நிலத்துக் குடும்பம் ஒன்றின் நிலையை நமக்கு அறிவிக்கிறது. தலைவியின் தந்தையைச் சுறா தாக்கியது. அதனால் உண்டான புண் தணிந்தது. அவன் மீண்டும் கடலுட் சென்றுவிட்டான். தாயும் உப்பை மாற்றி வெண்ணெல் பெறும்பொருட்டு உப்பு விளையும் கழிக்குச் சென்றிருக்கிறாள். வீட்டில் காவல் இல்லை. தலைவன் வந்து காண இது தக்க பொழுது. இச்செய்தியை அவனிடம் சென்று சொல்வார் இருப்பின் நன்றாகும் எனத் தலைவி ஏங்குகிறாள். அகப்பொருள் நோக்கில் பாட்டின் உயிர் அந்த ஏக்கத்திலே உள்ளது. எனினும், மருத்துவ வரலாற்றை ஆராய்வார்க்குத் தந்தையின் புண்ணே முதலிற் கண்ணிற்படும். சுறாவால் உண்டான புண் சிறிதாயிருத்தல் அரிது. அது கடலுட் செல்லும் தொழிலுக்கு அவனை மீண்டும் உரியவனாக்கும் அளவிற்கு ஆறிற்று என்றால், அதனை ஆற்றியது எது? பாட்டு விடை கூறவில்லை. விடை கூறுதல் புலவரின் நோக்கமும் அன்று.

குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் முதன்முதலில் அச்சிட்டார். 1937இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ஆராய்ச்சிப் பதிப்பை வெளியிட்டார். அன்று முதல் இப்பாட்டின் நயம் பலராலும் பேசப்பட்டு வருகிறது. புண் தணிந்த வகையை வினவினார் மிகச் சிலரே. அவ்வினாவை முன்னிறுத்தி, கடலிற் பிறந்த பொருள்கள் புண்ணுக்கு மருந்தாக எவ்வாறு பயன்பட்டன, இன்று எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் வடசென்னைக் கரைப்பகுதியை நம் கண்முன் வைத்துக்கொண்டு இதனைச் செய்வது பொருத்தமாகும். கடலும் கழியும் உப்பளமும் மீன்பிடி துறைமுகமும் ஆலைகளும் ஒருங்கே அமைந்த கரை அது. குறுந்தொகைக் குடும்பத்தில் தந்தையும் தாயும் செய்த இரு தொழில்களையும் அக்கரை நெடுங்காலம் அறிந்திருக்கிறது.

சங்க நூல்களிற் புண் மருத்துவம்

பண்டைத் தமிழர் புண்ணை ஆற்றிய முறைகளுக்குப் புறப்பாட்டுகளிற் சான்றுகள் உள்ளன. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில், சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், வீரர் மார்பில் நீண்ட வெள்ளிய ஊசியால் தைக்கப்பட்ட தழும்பைக் குறிக்கிறார். குளிர்ந்த கயத்தில் மீனைப் பற்ற மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையை அவ்வூசிக்கு உவமையாக்குகிறார். ஊசி உள்ளே சென்று வெளியே வரும் இயக்கத்தைக் கண்ணால் கண்டவர்க்கே இவ்வுவமை தோன்றும். புறநானூற்றின் 353ஆம் பாட்டு, புண்ணின்மீது இட்ட பஞ்சு இன்னும் நீக்கப்படாத வீரரைக் காட்டுகிறது. 281ஆம் பாட்டில் அரிசில் கிழார், புண்பட்ட கணவனைக் காக்கும் மனைவியின் செயல்களைக் கூறுகிறார். இரவ மரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டிற் செருகுதல், வெண்சிறுகடுகைத் தூவுதல், நறும்புகை ஊட்டுதல், யாழும் பிறவும் இசைத்துக் காஞ்சிப் பண் பாடுதல் ஆகியன அவை.

ஊசி, பஞ்சு, வேம்பு, கடுகு, புகை, இசை ஆகிய இவற்றுள் கடல்தரு பொருள் ஒன்றேனும் இல்லை என்பது நோக்கற்பாலது. இதனைக்கொண்டு நெய்தல் நில மக்கள் கடற்பொருளை மருந்தாக்கவில்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. புறப்பாட்டுகள் போர்ப்புண்ணைப் பாடுகின்றன. வேந்தன் பொருட்டு மார்பில் ஏற்ற புண் புகழுக்கு உரியது. ஆதலின் அதன் மருத்துவமும் பாடல் பெற்றது. சுறாவும் முள்ளும் கயிறும் தொழிலிடையே ஏற்படுத்திய புண், புகழுக்கு உரியதாகக் கருதப்படவில்லை. அது பாட்டினுள் வரும்போது, ஆறிய பின்னரே, அதுவும் வேறொரு செய்தியின் துணையாகவே வருகிறது. குறுந்தொகைப் புலவர் ‘தணிதல்’ என்னும் சொல்லை ஆள்வதும் எண்ணத்தக்கது. தீயும் வெகுளியும் நோயும் தணிவன. உள்ளே ஓங்கியிருந்த ஒன்று மெல்லத் தாழ்ந்து அடங்குதலே அச்சொல்லின் பொருள். வீக்கமும் வெப்பும் கொண்டு நாட்பட வருத்திய புண் அது என்பதை அவ்வொரு சொல்லே உணர்த்துகிறது எனலாம்.

கடல்நுரையும் கணவாய் ஓடும்

இலக்கியத்தை விட்டு மருத்துவ நூல்களுக்கு வருவோமாயின், கடற்பொருள்கள் பல நம்மை எதிர்கொள்கின்றன. சித்த மருத்துவ மரபு உபரசங்கள் 120 என்று எண்ணும். சங்கு, பலகறை, கடல்நுரை போன்றவை அவ்வகையில் அடங்கும். முத்து, முத்துச்சிப்பி, பவளம், நண்டு ஆகியனவும் மருந்துப் பொருள்களாக வழங்கி வருகின்றன.

இவற்றுள் கடல்நுரை என்பதன் பெயர்க்காரணம் ஆராயத்தக்கது. வெண்மையாய், இலேசாய், நீரில் மிதந்து கரையில் ஒதுங்கும் இப்பொருளைக் கடலின் நுரை இறுகியது என முன்னோர் எண்ணினர் போலும். வடமொழியிலும் சமுத்திரபேனம் என்னும் பெயர் இதே பொருளில் வழங்குகிறது. உண்மையில் அது கணவாய் என்னும் உயிரின் உடலினுள் இருக்கும் ஓடு. நுண்ணிய அறைகளாற் கட்டப்பட்ட அவ்வோட்டில் வளியையும் நீரையும் ஏற்றியும் இறக்கியும் கணவாய் தான் மிதக்கும் ஆழத்தை ஒழுங்கு செய்கிறது. கணவாயைப் பிடித்து அறுக்கும் மீனவருக்கு இவ்வோடு எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயமே இல்லை. அவர் அதனைக் கணவாய் ஓடு என்றே அறிவார். மருந்துக் கடைக்காரரும் நூலாசிரியரும் கடல்நுரை என்றனர். கரையில் நின்று கண்டவர் இட்ட பெயர் ஒன்று. கடலுட் சென்று கண்டவர் இட்ட பெயர் மற்றொன்று. நூலேறியது முதற்பெயரே. நம் மருத்துவ நூல்கள் கடலை எங்கு நின்று பார்த்தன என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

கடல்நுரையைப் புண்ணோடு இணைக்கும் தெளிவான பழஞ்சான்று ஒன்று வடமொழி மருத்துவத்தில் உள்ளது. புண்ணில் தடித்து நிற்கும் அழுகிய தசையைச் சுரண்டி நீக்குதற்கு உரிய பொருள்களைச் சுசுருத நூல் எண்ணுமிடத்து, துணியையும் பஞ்சையும் சொரசொரப்பான இலைகளையும் இந்துப்பையும் சொல்லி, அவற்றோடு நுரையையும் சேர்க்கிறது. இந்நுரையை உரைகாரர் கடல்நுரை என்று கொள்வர். இங்கே கடல்நுரை ஒரு கருவியாகவே நிற்கிறது. அதன் கரடான மேற்பரப்பே ஈண்டு வேண்டப்படும் பண்பு. இறந்த தசை நீங்கினாலன்றிப் புண் ஆறாது என்னும் கொள்கை இன்றைய அறுவை மருத்துவத்திற்கும் உடன்பாடேயாகும்.

புடமும் சுண்ணமும்

சங்கு, பலகறை, சிப்பி, கணவாய் ஓடு ஆகிய இவை வடிவால் வேறுபட்டிருப்பினும் பொருளால் ஏறத்தாழ ஒன்றே. இவை யாவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. சித்த மருத்துவர் இவற்றைத் தூய்மை செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை செய்து உலர்த்தி, அகலில் வைத்து மூடிச் சீலைமண் செய்து, வறட்டியால் புடமிடுவர். புடத்தின் வெப்பத்தில் ஓட்டினுள் இருந்த உயிர்ப்பொருள் முழுதும் எரிந்தொழியும், சுண்ணம் எஞ்சும். வெண்ணிறமாய், விரலின் வரிகளுட் புகும் அளவு நுண்ணிதாய்க் கிடைப்பதே பற்பம்.

இப்பற்பங்கள் மிகுதியும் உள்மருந்துகளே. சங்கு பற்பமும் பலகறைப் பற்பமும் குன்மம் முதலிய வயிற்று நோய்களுக்கு வழங்கப்படுகின்றன. வயிற்றில் மிகுந்த அமிலத்தைச் சுண்ணம் மாற்றும் என்பதை எண்ணின், இவ்வழக்கிற்கு வேதியியல் முறையிலும் பொருள் உண்டு. வயிற்றுப்புண்ணும் புண்ணே எனக் கொள்ளின், கடல்தரு புண் மருந்து என இவற்றை ஒருவாறு கூறலாம். புறத்தே தோலிற் பட்ட புண்ணுக்குக் கடற்பொருளை நேரே இடும் முறைகள் நூல்களில் ஒப்பளவிற் சிலவேயாம்.

நூலிற் குறைந்த இவ்வழக்கு வீட்டிற் குறையவில்லை. சுளுக்கிற்கும் வீக்கத்திற்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றிடுதல் தமிழ்நாடு முழுதும் அறிந்த செய்தி. கடற்கரை ஊர்களில் அச்சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்ததாகும். பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் கிடைத்த கிளிஞ்சல் சென்னையின் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு தந்தது. பளிங்குபோல் மெருகேறிய சென்னைச் சுண்ணச் சாந்து பதினெட்டாம் நூற்றாண்டில் அயல்நாட்டாரையும் வியக்கச் செய்தது. ஒரே கிளிஞ்சல் சுவருக்குச் சாந்தாகவும் வெற்றிலைக்குத் துணையாகவும் வீக்கத்திற்குப் பற்றாகவும் அமைந்தது. எனினும், நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரத் தன்மை உடையது. கிருமியைக் கொல்லும் அதே வன்மையால் உயிருள்ள தசையையும் சுட்டுவிடும். ஆதலின் திறந்த புண்ணுக்கு அது தக்க மருந்தாகாது. தோல் மூடிய வீக்கத்திற்கு இடும் பற்றையும் புண்ணுக்கு இடும் மருந்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு.

உப்பு

கடல் தரும் பொருள்களுள் எல்லார்க்கும் எளிதிற் கிடைப்பது உப்பு. எண்ணூரைச் சூழ்ந்த வல்லூர், அத்திப்பட்டு முதலிய இடங்களில் உப்பளங்கள் நெடுங்காலம் இருந்தன. உப்பு நீரால் புண்ணைக் கழுவும் வழக்கம் உலகிற் பல நாடுகளிலும் உண்டு. செறிவு மிக்க உப்பு நீர் புண்ணின் வீக்கத்திலுள்ள நீரை வெளியே ஈர்க்கும். கிருமிகளிற் பலவற்றை வளரவொட்டாது தடுக்கும். இக்கால மருத்துவர் புண்ணைக் கழுவும் உப்புநீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பே உள்ளது. கடல் நீரிலோ ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உண்டு. குருதியின் செறிவோடு ஒத்த நீர் தசையை வருத்தாது. கடல் நீர் வருத்தும். அன்றியும், வெப்ப நாட்டுக் கடலிலும் கழிமுகத்திலும் விப்ரியோ போன்ற கிருமிகள் வாழ்கின்றன. அவற்றுட் சில புண்வழியே புகுந்து உயிருக்கே ஊறு செய்யவல்லன. ஆகவே, கடல் உப்பு வேறு. கடல் நீர் வேறு. காய்ச்சிய நன்னீரில் அளவறிந்து கரைத்த உப்பு நன்மை செய்யும் என்பதுகொண்டு, கழியில் இறங்கிக் காலைக் கழுவுதலும் நன்மை செய்யும் என்று எண்ணுதல் கூடாது.

பாசியின் சாம்பலும் சுறாவின் ஈரலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு வேதியியல் கடற்பொருளை வேறொரு கண்கொண்டு நோக்கத் தொடங்கிற்று. 1811இல் பிரான்சு நாட்டில் பெர்னார்டு கூர்த்துவா என்பார் வெடியுப்பு செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். கடற்பாசியின் சாம்பலில் கந்தக அமிலம் மிகுதியாகச் சேர்ந்தபோது ஊதா நிற ஆவி எழக் கண்டார். அதுவே அயோடின். பின்னர் அது சாராயத்திற் கரைக்கப்பட்டு, டிங்சர் அயோடின் என்னும் பெயரால் உலகெங்கும் புண் மருந்தாயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் ஆலைகளிலும் முதலுதவிப் பெட்டியில் இருந்த, புண்ணில் இட்டவுடன் எரிச்சலூட்டும் அச்செந்நிற மருந்தைக் கடல் தந்த மருந்தென எண்ணியவர் சிலரே. 1950களில் எரிச்சல் குறைந்த போவிடோன் அயோடின் வந்தது; இன்று மருத்துவமனைகளில் வழங்குவது அதுவே. இக்காலத்தில் அயோடின் பெரும்பாலும் சிலி நாட்டுக் கனிமத்தினின்றும் ஜப்பானின் நிலத்தடி உவர்நீரினின்றும் எடுக்கப்படுகிறது. எனினும் அதன் பிறப்பு கடற்பாசியிலேயாம்.

மற்றொரு செய்தி குறுந்தொகைப் பாட்டை நேரே நினைவூட்டுவது. 1930களில் செருமனியில் காட் மீனின் ஈரல் எண்ணெயைக் களிம்பாக்கித் தீப்புண்ணுக்கு இட்டனர். 1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் அவ்வெண்ணெய் இந்தியாவிற்கு வருதல் தடைப்பட்டது. அப்போது சென்னை மாகாண மீன்துறை சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்க முற்பட்டது. ஏ வைட்டமின் அதில் மிகுதியாக இருந்தது. தோலும் உட்தோலும் செவ்வனே வளர அவ்வைட்டமின் இன்றியமையாதது. அது குறைந்த உடலிற் புண் விரைவில் ஆறுவதில்லை. புண் செய்த உயிரிலேயே புண் ஆற்றும் பொருளும் இருந்தது என்பது அப்போது நம் நாட்டிலும் வெளிப்பட்டது.

இவ்வாறே நம் கரையில் அஞ்சப்படும் மற்றொரு மீன் கெளுத்தி. பழைய நூல்கள் கெளிறு என்பது இவ்வினத்தையே. வலையினின்று எடுக்கும்போது அதன் முள் குத்தினால் கை வீங்கிக் கடுமையாக வலிக்கும். குவைத்து நாட்டு அறிஞர் 1980களில் கடற்கெளுத்தி ஒன்றை ஆராய்ந்தனர். அம்மீன் அஞ்சும்போது தன் தோலின்மீது சுரக்கும் கூழ்போன்ற பொருள், விலங்குகளின் புண்ணை விரைந்து ஆற்றுதலைக் கண்டு வெளியிட்டனர். அச்சுரப்பில் நச்சுப் பொருள்களும் கலந்திருந்தமையால் மருந்துப் பகுதியைப் பிரித்தெடுக்கும் பணி நீண்டது. மீன்மேலுள்ள வழுவழுப்பை அப்படியே புண்ணில் தடவலாம் என்பது இதன் கருத்தன்று.

ஓட்டின் மறுபாதி

இக்கால ஆராய்ச்சியில் முதலிடம் பெறுவது இறாலும் நண்டும் ஆகும். இராயபுரத்துக் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் இறாலை உரிக்கும்போது தலையும் ஓடும் கழிவாக வீசப்படுகின்றன. இறாலின் எடையில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு கழிகிறது. அவ்வோட்டில் மூன்று பொருள்கள் உள்ளன: சுண்ணம், புரதம், கைட்டின். ஓட்டை நீர்த்த அமிலத்தில் இட்டால் சுண்ணம் கரைந்து போகும். காரத்தில் இட்டால் புரதம் நீங்கும். எஞ்சுவது கைட்டின் என்னும் நார்ப்பொருள். அதனை வன்காரத்தில் மீண்டும் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கிறது.

இங்கே பண்டை முறையையும் இன்றைய முறையையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். இரண்டும் கையாளும் பொருள் கடல்வாழ் உயிரின் ஓடே. சித்த மருத்துவர் நெருப்பைக்கொண்டு உயிர்ப்பொருளை எரித்துச் சுண்ணத்தைக் கொண்டனர். இன்றைய வேதியியலார் அமிலத்தைக்கொண்டு சுண்ணத்தைக் கரைத்து உயிர்ப்பொருளைக் கொள்கின்றனர். முன்னவர் நீக்கியதே பின்னவர்க்கு மருந்து. கணவாய் ஓட்டிலும் சிறிதளவு கைட்டின் உண்டு. புடத்தில் அது முதலில் எரிந்துவிடும். ஆகவே, ‘கைட்டோசானைச் சித்தர் முன்பே அறிந்திருந்தனர்’ என்று கூறுவார் கூற்று பொருந்தாது. அவர்கள் கொண்ட முறையே அப்பொருளை எஞ்சவொட்டாதது. அவர் பெருமை சுண்ணத்தின் பயனை ஆழ்ந்து அறிந்தமையில் உள்ளது. அறியாத ஒன்றை அவர்மேல் ஏற்றுவதால் அப்பெருமை மிகுவதில்லை.

கைட்டோசான் குருதியை உறையச் செய்யும் வகையும் எளிதில் விளங்கக்கூடியதே. அதன் மூலக்கூறு நேர்மின் தன்மை உடையது. குருதிச் சிவப்பணுவின் புறப்பரப்போ எதிர்மின் தன்மை உடையது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து ஒட்டிக்கொள்ளுதலால், காயத்தின் வாய் விரைவில் அடைபடுகிறது. இறால் ஓட்டின் கைட்டோசானால் ஆன கட்டுத்துணிக்கு 2002இல் அமெரிக்க அரசு இசைவு அளித்தது. போர்க்களத்தில் குருதிப் பெருக்கைத் தடுக்க அது பயன்பட்டது. இந்தியாவில், 1957இல் தோன்றிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டினும் கைட்டோசானும் எடுக்கும் முறையை வகுத்தது. மீனின் குடலிலிருந்து உடலிற் கரையும் அறுவைத் தையல் நூலையும் அந்நிறுவனம் உருவாக்கியது. பரணர் கண்ட ஊசிக்கு நெய்தல் நிலமே நூலும் தருமென்பதை இது காட்டுகிறது.

கடற்பாசி தரும் ஆல்ஜினேட்டு மற்றொரு பொருள். 1881இல் இசுகாட்லாந்தில் இசுடான்போர்டு என்பார் இதனைக் கண்டறிந்தார். கால்சியம் ஆல்ஜினேட்டு இழையாற் செய்த கட்டைப் புண்ணில் இட்டால், புண்ணீரிலுள்ள சோடியம் இழையினுட் புகும்; கால்சியம் வெளியே வரும். இழை கூழாக மாறிப் புண்ணை ஈரமாக வைத்திருக்கும். வெளிவந்த கால்சியம் குருதி உறைதற்குத் துணைசெய்யும். கட்டை நீக்கும்போது புதிய தசை பிய்வதில்லை. நம் மன்னார் வளைகுடாவின் பாசிகள் மதுரை முதலிய இடங்களில் அகாருக்கும் ஆல்ஜினேட்டுக்கும் மூலப்பொருளாயின. மண்டபத்தில் உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் பாசி ஆராய்ச்சியை நடத்தி வருகிறது.

மூன்றாவதாகிய கொலாசன், தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் புரதம். இதன் வடிவம் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா ஆகியோர் 1954–55இல் வெளியிட்டனர். ஆராய்ச்சிக்கு வேண்டிய தசைநாணை அடையாற்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தந்தது. புண்ணின்மேல் இடும் கொலாசன் ஏடுகளைச் செய்யும் முறைகள் பின்னர் அந்நிறுவனத்திலும் உருவாயின. இன்று மீனின் தோலும் செதிலும் கொலாசன் தரும் பொருள்களாக ஆராயப்படுகின்றன. ஐஸ்லாந்தில் காட் மீனின் தோலைத் தூய்மை செய்து ஆறாப் புண்ணின்மீது ஒட்டும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. புதிய தோல் வளர்தற்கு அம்மீன் தோல் பந்தல்போல் நிற்கிறது.

எழுதப்பெறாத அறிவு

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. நெய்தல் நிலத்துப் புண் மருத்துவம் நமக்கு எழுத்தில் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறப்பாட்டு போர்ப்புண்ணைப் பாடியது. மருத்துவ நூல் கரையொதுங்கிய பொருளைப் பற்பமாக்கியது. ஆய்வகம் கழிவாக எறியப்பட்ட ஓட்டைப் பிரித்தது. கடலுட் சென்று புண்பட்டவர் தம் புண்ணுக்குத் தாமே செய்துகொண்டது யாது என்பதை இம்மூன்றும் கூறவில்லை. திருக்கை முள் குத்தியபோது தாங்கக்கூடிய வெந்நீரில் கையை அமிழ்த்துதல் வேண்டும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அந்நஞ்சு வெப்பத்தால் சிதைவது அதற்குக் காரணம். இத்தகைய செயல்களுட் கரையார் எவற்றை முன்பே அறிந்திருந்தனர், எவற்றை மருத்துவமனையிற் கற்றனர் என்பதை அவர்களை வினவியே அறிதல் வேண்டும். நூலகத்தில் இருந்துகொண்டு இதற்கு விடை காண இயலாது.

வினவுதற்குரிய கரையோ நாளுக்கு நாள் மாறி வருகிறது. 1876இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கிய பின், வடக்கு நோக்கி நகரும் மணல் துறைமுகச் சுவரால் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதலாகக் கடல் நிலத்தை அரித்தது. கணவாய் ஓடும் கிளிஞ்சலும் ஒதுங்கிய மணற்கரையின் பெரும்பகுதியில் இன்று கருங்கல் அணையே நிற்கிறது. எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 சனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதியமையால் எண்ணெய் கடலிற் பரவியது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தை மூடியது. அம்மாத இறுதியிலேயே எண்ணூரில் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்போரின் தோலே இவற்றை முதலில் ஏற்பது.

மருந்து நோக்கிலும் இது பெரிதும் எண்ணத்தக்கது. கிளிஞ்சலும் பாசியும் தாம் வாழும் நீரிலுள்ள உலோகங்களைத் தம்முள் ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்பின. புடத்தில் உயிர்ப்பொருள் எரியும். ஈயம் முதலிய உலோகங்கள் யாவும் எரிந்து மறைவதில்லை. எந்நீரிற் பிறந்த ஓடு என்பதை அறியாது செய்த பற்பமும் கட்டுத்துணியும் நம்பத்தக்கன அல்ல. ‘இயற்கைப் பொருள்’ என்னும் பெயர் தூய்மைக்குச் சான்றாகாது. அதற்குச் சோதனையே சான்று.

ஆதலின், இரு பணிகள் உடன் செய்யத்தக்கன. முதலாவது, கரையோர மக்களிடம் சென்று, புண்ணுக்கும் முள் குத்துக்கும் அவர்கள் கையாண்ட முறைகளை, பொருளின் பெயர், எடுக்கும் காலம், இடும் அளவு, விளைந்த தீங்கு ஆகியவற்றோடு அவர்கள் சொல்லிலேயே எழுதி வைத்தல். இது தமிழ்த்துறையின் பணி. கடல்நுரை, கணவாய் ஓடு என்னும் இரு பெயர்களே இத்தகைய சொற்களின் அருமையை உணர்த்தும். இரண்டாவது, அவ்வாறு கிடைத்தவற்றை மருத்துவரும் வேதியியலாரும் ஆராய்ந்து, நன்மை செய்வதையும் தீமை செய்வதையும் பகுத்துக் கூறுதல். இதற்குரிய இடம் தொலைவில் இல்லை. இராயபுரத்திற்கு அருகேயுள்ள ஸ்டான்லி மருத்துவமனை கை அறுவை மருத்துவத்தில் நாடறிந்த பிரிவைக் கொண்டது; ஆலை எந்திரத்தாற் சிதைந்த கைகள் பல அங்கே மீண்டும் உருப்பெற்றுள்ளன. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் வெறும் புகழ்ச்சி பெருகும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால், அறிவுக்கு உரியவர் பெயர் மறையும்.

குறுந்தொகைத் தந்தையின் புண் தணிந்ததற்கு அடையாளம் அவன் மீண்டும் கடலுட் சென்றதே. மருந்தின் பயனைப் பரதவர் அளந்த அளவுகோல் அதுவேயாகும். இன்றும் காசிமேட்டில் கையிற் கட்டோடு கரையில் இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாட் கூலி இழப்பாகும். ஆய்வகத்திலிருந்து வரும் புதிய மருந்தாயினும், கரையிலிருந்து எழுதப்பெறும் பழைய மருந்தாயினும், அவர் எத்தனை நாளிற் படகேறினார் என்பதைக் கொண்டும் அதனை மதிப்பிடுதல் தகும்.